சித்தப்பா தளர்த்திய பட்டை

அவைக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, அறிவூட்டிய ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகளை ஆற்றுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்ற கவலையோடு வந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே, அடுத்த வாரம் பள்ளியின் ஆற்றுப் படகுப் பயணத்துக்குப் புறப்படக் காத்திருக்கும் தோழர் தோழியரே, மூன்றாம் வரிசையில் குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் என் சித்தப்பாவே, அனைவருக்கும் வணக்கம்.

ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன், மேடைப் பயம். சிரியுங்கள், பரவாயில்லை. இதைவிடப் பெரிய பயத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சென்ற விடுமுறையில் அப்பா, அம்மா, சித்தப்பா, நான் நால்வரும் நுரை பொங்கும் ஆற்றில் ரப்பர் படகில் போனோம். நால்வருக்கும் அதுவே முதல் முறை. நூலகத்தில் அதைப் பற்றி இருந்த இரண்டு புத்தகங்களையும் நான் முன்பே படித்து முடித்திருந்தேன். விழுந்தால் மல்லாந்து மிதக்க வேண்டும். கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். எழுந்து நிற்கவே கூடாது, பாறை இடுக்கு பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். வழியெல்லாம் ஒப்பித்தேன். “இவ தண்ணியில விழுந்தா மூழ்க மாட்டா, பக்கம் பக்கமா பிரிஞ்சு மிதப்பா” என்றார் சித்தப்பா. வண்டியே சிரித்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

கரையில் படகோட்டி அக்கா ஒவ்வொருவரின் லைஃப் ஜாக்கெட்டிலும் மூன்று பட்டைகளையும் இழுத்து இறுக்கினார். ஜாக்கெட்டின் தோள்பகுதியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருக்கும், யாரும் தொடக் கூடாது என்றார். பிறகு, “யாருக்காச்சும் பயமா இருக்கா?” என்று கேட்டார்.

அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. அப்பா மூன்றாவது முறையாக மூக்குக்கண்ணாடிக் கயிற்றைக் கட்டினார். நான் புத்தக வரிகளை மனதுக்குள் மறுபடி ஒப்பித்தேன். ஒருவராவது வாய் திறந்தோமா? இல்லை.

அக்கா படகைத் தள்ளத் திரும்பினார். அப்போது சித்தப்பா கீழிரண்டு பட்டைகளையும் தளர்த்திவிட்டார். எதற்கு? புகைப்படத்தில் தொப்பை பிதுங்குகிறதாம். நான் பார்ப்பதைப் பார்த்தார். உதட்டில் விரல் வைத்துக் கண்ணடித்தார்.

அவையோரே, நான் சிரித்தேன்.

முதல் இரண்டு வளைவுகள் ஆனந்தம். அலை எழுந்தது, படகு எழுந்தது, எங்கள் கூச்சலும் எழுந்தது. மூன்றாவது வளைவில் ஓசைதான் முதலில் வந்தது. திரும்பிய பிறகே ஆறு வாய் பிளந்து விழும் பள்ளம் தெரிந்தது. படகு குப்புற இறங்கி நிமிர்ந்தபோது, சித்தப்பா இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது.

ஜாக்கெட் மிதந்தது, ஆள் மிதக்கவில்லை. அது கழுத்தைத் தாண்டி முகத்தை மூடிவிட்டது. அக்கா வீசிய கயிறு அவர் கைக்குப் பக்கத்திலேயே விழுந்தது, ஆனால் அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. “அவரைப் பாக்காதீங்க. என்னைப் பாத்துத் துடுப்பைப் போடுங்க” என்றார் அக்கா. போட்டோம். அழுதுகொண்டே போட்டோம். படித்த இரண்டு புத்தகங்களில் ஒரு வரியும் என் கைக்கு வரவில்லை.

படகு நெருங்கியதும் அக்கா ஜாக்கெட்டைப் பிடித்தார், அது தனியாகக் கழன்று வந்தது. அதை விட்டுவிட்டுச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். தண்ணீரைக் கக்கி முடித்த சித்தப்பா என்னைத்தான் தேடினார்.

“நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தே, கண்ணு. சொல்லியிருக்கலாம்ல.”

திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

பெரியவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற மரியாதையா என்னைத் தடுத்தது? இல்லை. இன்னொரு முறை கேலி செய்வாரே என்ற வெட்கம். தாய்மார்களே, பயம் பட்டையை இறுக்கும், வெட்கம்தான் அதைத் தளர்த்தும்.

பின்வரிசையில் ஓர் ஐயா, அப்படியானால் போகவே வேண்டாம் என்கிறார். போகலாம் ஐயா. நானும் போகிறேன். நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை, ஆனாலும் போகிறேன். யாருக்குப் பயம் என்று கேட்டதும் முதலில் உயரும் கை என்னுடையது. தோழர்களே, உங்களில் யார் பட்டையில் கை வைத்தாலும் ஊரறியக் கத்துவேன். புத்தகப்புழு என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள், கரையேறிய பிறகு.

இதைப் பேசலாமா என்று காலையில் சித்தப்பாவிடம் கேட்டேன். “பேசு. தொப்பையை மட்டும் விட்டுடு” என்றார். மன்னியுங்கள் சித்தப்பா, அதையும் சொல்லிவிட்டேன்.

செவிகொடுத்த அவைக்கு நன்றி. பேச இடமளித்த தலைமைக்கு நன்றி. மூன்றாம் வரிசை நாற்காலி காலியாக இல்லாததற்காக, அந்தப் படகோட்டி அக்கா இருக்கும் திசைக்கு என் வணக்கம்.