வரச் சொன்னவள் நான்தான்

ஓடுகிறேன். மகள் ரிபாஸாவின் மணிக்கட்டு என் கைக்குள். மேற்கே ஓடுகிறோம். வயல் பக்கம். பின்னால் ஒரு சத்தம். லொறி பெட்டியைத் தூக்கிக் கருங்கல் கொட்டுமே, அந்தச் சத்தம். ஆனால் நிற்கவில்லை. கொட்டிக்கொண்டே இருக்கிறது.

"கடல் வருகுது! ஓடுங்க! திரும்பிப் பாக்காதீங்க!"

யாரோ ஒருவர் கத்திக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடினார். முகம் நினைவில்லை. சாரத்தை மடித்துப் பிடித்திருந்தது நினைவிருக்கிறது.

2004 டிசம்பர் 26. ஞாயிறு. போயா, பௌர்ணமி விடுமுறை. காலை ஒன்பது மணிக்குச் சற்று முன். சாய்ந்தமருது, இலங்கையின் கிழக்குக் கரை. அடுப்பில் ரொட்டியைப் போட்டுவிட்டு வந்தேன். காலில் செருப்பில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பிறகு இடுப்புக்கு. கறுப்புத் தண்ணீர். ஒரு மதிலைப் பிடித்து ஏறினோம். கீழே கதிரை மேசை போகிறது. கோழிக்கூடு போகிறது. பிரதான வீதியில் தோணி போகிறது. நான் திரும்பிப் பார்க்கிறேன். கிழக்கே கூரைகள் இல்லை.

கிழக்கே என் தங்கச்சி ஹாஜரா இருந்தாள். நான்கு வயது மகள் நசீஹாவோடு. என் வீட்டில் இருந்தாள். நான் அவளுடைய வீட்டில் இருந்தேன்.

இதை விளங்கச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டில் வந்து குடியேறுவார். பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்து தகப்பன் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கல் அடுக்குவான். எங்கள் வாப்பா இரண்டு வீடு கட்டினார். கடலோரத்தில் எனக்கு. பிரதான வீதிக்குப் பக்கத்தில் ஹாஜராவுக்கு. பிந்திக் கட்டியது நல்ல வீடு. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

1990இல் என் கணவர் வயலுக்குப் போனார். திரும்பவில்லை. ரிபாஸா அப்போது என் வயிற்றில். அந்த ஓகஸ்ட் முழுக்க ஊரில் வெடிச்சத்தம். முதலில் ஒற்றை வெடி. பிறகு தொடர் வெடி. பிறகு ஆட்கள் ஓடும் சத்தம். வாசல் ஒழுங்கையில் ஓடியவர்கள்தான் சூடுபட்டு விழுந்தார்கள். வாப்பா எங்களுக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தார். கதவைப் பூட்டு. உள் தாழ்ப்பாளைப் போடு. பிள்ளை இருந்தால் இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே படு. யார் தட்டினாலும் திறக்காதே. அந்தப் பாடத்தால் நானும் தங்கச்சியும் உயிரோடு இருந்தோம்.

சில வருடங்களில் ஹாஜராவின் கணவர் அன்சார் லண்டனுக்குப் போனார். கல்முனையில் இருந்த கடை எரிந்திருந்தது. பிறகு அவளும் கைக்குழந்தை சுமையாவோடு போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. பெண்ணுக்குக் கொடுத்த வீட்டைப் பூட்டிப்போட்டால் ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும். விளக்கேற்ற ஆள் வேண்டும் என்று என்னை அங்கே போகச் சொன்னாள். போனேன். என் வீட்டில் மீன்பிடிகாரர்களை வலை போட்டு வைக்க விட்டேன்.

யுத்தநிறுத்தம் வந்தது. செக்பொயின்டில் இருந்த மணல்மூட்டைகள் குறைந்தன. இரவு பஸ் ஓடியது. வாப்பாவும் உம்மாவும் அதற்குள் மௌத்தாகி அடக்கமாகியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஹாஜரா தொலைபேசியில் வருவாள். நான் சொல்வேன்.

"சண்டை இல்லகா இப்ப. எல்லாம் ஓய்ஞ்சிட்டு. வாகா. உன்ட வீடு உனக்காகக் கிடக்கு."

ஒரு வெள்ளியா, இரண்டு வெள்ளியா. இரண்டு வருடம் சொன்னேன். பாசம் என்று எல்லோரிடமும் சொன்னேன். பாசம் பாதிதான். மீதி என்னவென்றால், எனக்குத் தனியே இருந்து அலுத்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

2004 ஓகஸ்டில் வந்தாள். சின்னவளை மட்டும் கூட்டி வந்தாள். பெரியவள் சுமையாவுக்குப் பள்ளிக்கூடம். படிப்பை ஒரு கட்டத்தில் முடித்துக்கொண்டு அவளும் அன்சாரும் வருவதாக ஏற்பாடு. நான் பெட்டியைக் கட்டி, கதவுத் திறப்பை அவள் கையில் கொடுத்தேன். வாங்கவில்லை. லண்டனில் குளிரில் நின்று பஸ் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கடல் பைத்தியம் பிடித்திருந்தது.

"நீ இங்கயே இரி ராத்தா. ரிபாஸாட பள்ளிக்கூடம் கிட்ட. எனக்குக் கடல் காத்து வேணும்."

சரியென்றேன். உடனே சொன்னேன். இரண்டாம் தரம் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஹாஜரா கிடைத்தாள். வளையலை வைத்து அடையாளம் சொன்னேன். சுற்றி அடக்கக் கபன் துணி போதவில்லை. ஒரே வரிசையில் அடக்கினார்கள். வெட்டுகிற சத்தம், மண் விழுகிற சத்தம், யாரோ ஓதுகிற சத்தம். பெண்ணென்று என்னைக் கிட்டப் போக விடவில்லை. நசீஹா கிடைக்கவில்லை.

நாற்பது நாள் கழித்து ஹனிபா காக்கா வந்தார். கடலோரத்துப் பக்கத்து வீட்டுக்காரர். மீன்பிடிகாரர். வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் கதவில அடிச்ச அடி, கை வீங்கிப் போச்சி தங்கச்சி. உள்ளுக்கிருந்து அவ கத்துறா. 'படுங்க, படுங்க! ஓடாதீங்க, சுட்டுப் போடுவானுகள்!' எண்டு கத்துறா. கடலெண்டு சொல்லுறன். அவக்குக் கேக்கல்ல."

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்.

நான் யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன். ஆட்கள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். ஒழுங்கையில் காலடிச் சத்தம். கதவில் அடிக்கிறார்கள். அவளுக்கு அது 1990. வாப்பாவின் பாடத்தைச் சரியாகச் செய்திருக்கிறாள். தாழ்ப்பாளைப் போட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போயிருக்கிறாள். நாங்கள் இங்கே கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக மறந்தோம். அவள் மறப்பதற்கு நாட்டில் இருக்கவில்லை. அப்படியே கொண்டுபோனாள். அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

இதை நான் அன்சாரிடம் சொல்லவில்லை. நாலரை வருடம் சொல்லவில்லை.

2009 மே 19. செவ்வாய்க்கிழமை. பகல். வெடிச்சத்தம் கேட்கிறது. முதலில் ஒற்றை வெடி. பிறகு தொடர் வெடி. பிறகு ஆட்கள் ஓடும் சத்தம். எனக்கு நினைவு வந்தபோது நான் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறேன். கன்னத்தில் சீமெந்து குளிர்கிறது. கதவைப் பூட்டியதும் தாழ்ப்பாளைப் போட்டதும் நினைவில்லை. ரிபாஸா வெளியே நின்று தட்டுகிறாள்.

"உம்மா, பட்டாசும்மா! சண்டை முடிஞ்சிட்டாம். கதவத் திறங்க!"

திறக்க நேரம் எடுத்தது. நானும் மறக்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று பின்னேரம் தொலைபேசி. அன்சார்.

"மதினி, முடிஞ்சிட்டாமே. நாங்க இனி என்ன செய்யிற? வாறதா, இங்கயே இரிக்கிறதா? சுமையா வாற எண்டு நிக்கிறாள். உம்மாட வீட்டுல இரிக்கணுமாம். நீங்க சொல்லுங்க. சொன்னபடி செய்யிறன்."

வேலை செய்யும் இடத்தில் அவரைக் கேட்கிறார்களாம், உங்கள் நாட்டில் சண்டை முடிந்துவிட்டதே, எப்போது போகிறீர்கள் என்று. இங்கே என்னைக் கேட்கிறார்கள், இனி என்னத்துக்கு அங்கே கிடக்கிறார்கள் என்று. இரண்டு பக்கத்திலும் கேட்கிறவன் தன் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் கேட்கிறான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒருதரம் வா என்று சொன்னேன். என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது வராதே என்று சொன்னால்? நான் யாருடைய வீட்டில் இருந்துகொண்டு அதைச் சொல்கிறேன்? என் வீட்டு நிலத்தில் அரசாங்கம் திரும்பக் கட்ட விடவில்லை, கடலுக்குக் கிட்ட என்று. ரிபாஸாவுக்குப் பதினெட்டு வயது. ஒரு சம்பந்தம் பேசி வந்திருந்தது. ஆசிரியர். நல்ல குடும்பம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. வீடு யார் பெயரில்?

சுமையா வராவிட்டால் வீடு மெல்ல மெல்ல என் மகளுக்கு வரும். ஊர் அப்படித்தான் பேசும். ஊரை விடுங்கள். நானே அப்படி நினைத்துவிடுவேன் என்று பயந்தேன். உண்மையைத்தான் சொல்கிறேனா, வீட்டுக்காகச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியாது.

மௌலவியிடம் கேட்டேன். மார்க்கப்படி தங்கச்சியின் வீட்டில் எனக்கும் கால்பங்கு இருக்கிறது என்றார். அந்தக் கால்பங்கையும் சுமையாவின் பெயருக்கு எழுதினேன். உறுதிப் பத்திரத்தை முடித்த கையோடு பெட்டியைக் கட்டினேன். நிந்தவூரில் இரண்டு அறை வாடகை வீடு. ஆசிரியர் வீட்டார் பிறகு வரவில்லை. ரிபாஸா பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டே சொன்னாள், "வீடு இரிந்தாத்தான் மாப்பிள்ளையெண்டா, அவர் வீட்டையே கலியாணம் முடிக்கட்டும்." சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் அழுதாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் அன்சாருக்கு அழைத்தேன். நிந்தவூரிலிருந்து. ஹனிபா காக்கா சொன்னதை முழுக்கச் சொன்னேன். கதவு. தாழ்ப்பாள். படுங்க என்ற சத்தம். பிறகு சொன்னேன்.

"தம்பி, வீடு சுமையாட. நான் வெளிக்கிட்டுட்டன். இப்ப நான் சொல்லுறதுல எனக்கு ஒண்டுமில்ல. வராதீங்க. நீங்க விட்டுட்டுப் போன ஊரத்தான் மனசில வச்சிரிக்கீங்க. அந்த ஊர் இங்க இல்ல. பயம் மட்டும் இரிக்கி. அது கட்டிலுக்குக் கீழ இரிக்கி."

சுமையா தொலைபேசியை வாங்கினாள். பதினாறு வயது. லண்டன் வாயில் எங்கள் தமிழ்.

"பெரியம்மா, நான் இரிக்கிறதுக்கு வரல்ல. சரி. உம்மாவ அடக்கின கபுறுக்கு ஒருக்கா வரணும். பாக்கிறதுக்கு. எந்தப் பக்கமெண்டு காட்டுவீங்கதானே?"

ஓம் என்றேன்.

இது நடந்து மூன்று மாதம். களைத்துவிட்டேன். யார் திரும்பி வர வேண்டும், யார் வரக்கூடாது என்று பேப்பரில் எழுதுகிறார்கள். எழுதட்டும். போனவற்றை எண்ணி வைக்கிறேன். வேண்டியவர்கள் வாசிக்கட்டும்.

கணவர் ஒருவர். 1990. அடக்க ஜனாஸா கிடைக்கவில்லை.

தங்கச்சி ஒருத்தி. அவள் மகள் ஒருத்தி. தாய் கிடைத்தாள், மகள் கிடைக்கவில்லை.

கபுறு ஒன்று. வரிசையில் எதுவென்று தெரியாது. காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கடலோர வீடு ஒன்று. சம்பந்தம் ஒன்று.

வீதியோர வீடு நிற்கிறது. பூட்டிக் கிடக்கிறது. அதைப் போனதில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

தாழ்ப்பாள் ஒன்று. அந்த வீட்டு முன்கதவின் உள்பக்கத்தில் இருந்தது. அதைக் கடல் கொண்டுபோகவில்லை. நிந்தவூருக்கு வரும்போது நானே கழற்றினேன். சுமையா என்றைக்காவது வந்து ஒருநாள் தங்கினாலும், சத்தம் கேட்டால் அவள் வெளியே ஓட வேண்டும்.