கட்டாயக் கட்டம்

உங்கள் விசாரணை அறையின் இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. நான் நின்றுகொண்டே சொல்கிறேனே. எனக்கு எப்போதுமே ஓரிடத்தில் உட்கார வராது. வீட்டில் நடந்துகொண்டேதான் சாப்பிடுவேன், மனைவி திட்டுவாள்.

என் வேலை யாருக்கும் சட்டென்று புரியாது. எங்கள் மருத்துவமனைக் கணினிக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள பழைய மருத்துவமனைக் கணினிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அங்கே காட்டிய நோயாளி இங்கே வந்தால் அவருடைய குறிப்பும் கூடவே வர வேண்டும். படிவத்தின் எந்தக் கட்டத்தில் எதை எப்படி எழுத வேண்டும் என்று அதற்கு ஒரு பொது விதிமுறை உண்டு. அதன்படி குறிப்புகளை மாற்றிக் கொடுப்பவன் நான். மருந்து ஒவ்வாமை கட்டாயக் கட்டம். அது காலியாக இருந்தால் குறிப்பே திரும்பி வந்துவிடும்.

அப்படி ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு குறிப்புகள் திரும்பி வந்து திரையில் சிவப்பாக நின்றன. வெள்ளிக்கிழமை சோதனை. "ஒண்ணுகூட சிவப்புல நிக்கக் கூடாது, என் மானத்தை வாங்கிடாதீங்க" என்றார் மேலாளர் அம்மா.

'தெரியாது' என்று போட விதிமுறை இடம் கொடுக்கிறது. ஆனால் போட்டால் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுக் கேட்டாக வேண்டும். நாங்கள் மூன்றே பேர். பழைய மருத்துவமனையின் தலைமை நர்ஸ் தெளிவாகவே சொன்னார்: "சார், காலின்னா நாங்க கேக்கலன்னு அர்த்தம். ஒண்ணும் இல்லன்னு எடுத்துக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." சரிம்மா என்றேன். புதன்கிழமை காலை, ஒரே கட்டளையில் அத்தனை பேருக்கும் 'இல்லை' என்று போட்டேன். காபி ஆறுவதற்குள் திரை முழுக்கப் பச்சையாகிவிட்டது.

நான் ஈவு இரக்கம் இல்லாதவன் அல்ல. மத்தியானம் இருப்புக் கொள்ளவில்லை. வராந்தாவில் நாலு நடை நடந்தேன். பிறகு தெரிந்தவர்களை மட்டும் பட்டியலில் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். மாமியார், மைத்துனன், மாடி வீட்டுக்காரர், எனக்கு முடிவெட்டுகிறவர். "என்ன மச்சான், திடீர்னு டாக்டர் ஆயிட்டீங்க?" என்று மைத்துனன் கிண்டல் செய்தான். மாமியாருக்கு ஒரு வலி மாத்திரை ஆகாதாம், அன்றுதான் தெரிந்தது. நல்லவேளை. பத்தொன்பது பேருக்குக் கட்டத்தைச் சரியாக எழுதினேன்.

இருபதாவது ஆள் என் அண்ணன். அவரோடு எனக்கு இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. என் மகள் நிச்சயதார்த்தத்தில், "சம்பந்தி, ஆஸ்பத்திரின்னதும் பெரிய ஆளுன்னு நெனச்சுடாதீங்க, நம்ம தம்பிக்கு ஃபாரம் நிரப்புற வேலை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

அவருக்குப் போன் செய்யத் தேவையே இல்லை, ஐயா. சின்ன வயதில் கட்டிக்குப் பென்சிலின் ஊசி போட்டு, முகம் வீங்கி, மூச்சு நின்று போகப் பார்த்தவர். கம்பவுண்டரைக் கூட்டிவர ஓடியவனே நான்தான்.

அவர் குறிப்பு என் திரையில் பதினோரு நிமிடம் திறந்திருந்ததாக உங்கள் தாளில் இருக்கிறது. சரிதான். நான் எதையும் தொடவில்லை. டாக்டர் கேட்டால் அவரே சொல்லிக்கொள்வார், வாய்க்கு என்ன குறைச்சல் என்று நினைத்து மூடினேன்.

ஏழு வாரம் கழித்து பைக்கிலிருந்து விழுந்த அண்ணனை நினைவில்லாமல் எங்கள் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். டாக்டர் திரையைப் பார்த்தார். 'இல்லை' என்று இருந்தது. பென்சிலின் ஊசி போட்டார். விடிவதற்குள் அண்ணன் போய்விட்டார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துல இருந்திருந்தா தடுத்திருப்பீங்களே தம்பி" என்று அழுதார். அண்ணிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

மற்றவர்கள் கட்டத்தில் இன்றும் 'இல்லை' என்றுதான் நிற்கிறது. திருத்தச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பத்தொன்பது பேருக்குச் சலுகை காட்டியது என் தவறு. தெரிந்தவர்களில், வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்க்காமல் நான் முறைப்படி நடந்துகொண்டது அண்ணன் ஒருவர் விஷயத்தில்தான்.