எந்த சுவிட்ச்?

— பட்டப்பகல்ல வீடு பூரா லைட்டு எரியுது. ஃபேன் ஓடுது, டிவி கத்துது. மிக்ஸிகூட சுத்துது. என்னடி குட்டி இது?

— மிக்ஸிக்குள்ள ஒண்ணும் போடலப்பா. சும்மாதான் சுத்துது.

— அதான் கேக்குறேன், சும்மா ஏன் சுத்தணும்? மோட்டார் ஓடி, மேல தொட்டி வழிஞ்சு, கீழ்வீட்டுக்காரர் இப்பதான் என்னைக் காய்ச்சி எடுத்துட்டுப் போறார்.

— மோட்டாரை வேணா நிறுத்திக்கோ. மத்ததைத் தொடாதே.

— உத்தரவு மகாராணி! காரணத்தைச் சொல்லு முதல்ல.

— டாக்டர் ஆன்ட்டி உன்கிட்ட சொன்னதை நானும் கேட்டேன். தூங்கல, கண்ணைத்தான் மூடிட்டிருந்தேன்.

— என்ன கேட்டே?

— என் ஜீன் நல்லாத்தான் இருக்காம். ஒரு சுவிட்ச் அணைஞ்சு போச்சாம். அதான் ரத்தம் சொன்ன பேச்சு கேக்கலையாம். எந்த சுவிட்ச்னு தெரியலையே, அதான் எல்லாத்தையும் போட்டேன்.

— கடவுளே! அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுடி. செவுத்துல இருக்குற சுவிட்ச் இல்ல.

— பின்னே? ஜீன்ஸ் பேன்ட்லயா? எனக்குத்தான் அதுவே கிடையாதே.

— கொல்லாதே என்னை. இங்க பாரு. உன் ரத்தத்துக்குள்ள குட்டிக் குட்டியா புத்தகம் இருக்குன்னு வச்சுக்கோ. எழுத்துல ஒரு தப்பும் இல்ல. ஆனா ஒரு பக்கத்து மேல என்னமோ ஒட்டிக்கிச்சு. படிக்க முடியல.

— உரிச்சுட வேண்டியதுதானே?

— பக்கம் கிழியாம உரிக்கணும்ல? அதுக்குத்தான் ஊசி, மாத்திரை எல்லாம். இந்தா, முழுங்கு.

— கசக்குது.

— கசக்கட்டும். முழுங்கிட்டியா? வாயைக் காட்டு. சரி. எல்லாத்தையும் நான் அணைக்கப் போறேன்.

— யாரு ஒட்டினாங்க?

— யாரும் ஒட்டல. யாரும் அணைக்கல. எத்தனை தடவை சொல்றது? தானா நடந்தது.

— நீயும் ஆன்ட்டிகிட்ட அதையேதானே கேட்டே? "யாரால ஆச்சு, யாரால ஆச்சு"ன்னு. அழுதே.

— ...அழல. சும்மா இரு.

— அப்பா, ஒண்ணே ஒண்ணு மட்டும் போட்டுப் பாக்கலாம்ப்பா. நான் போடாதது அது ஒண்ணுதான்.

— உன்னோட மாரடிக்க என்னால முடியலடி. எது?

— அம்மா ரூம்ல இருக்குறது. அம்மா செத்த அன்னைக்கு அதை அணைச்சு ரூமைப் பூட்டினது நீதானே. பயப்படாதே, ஆன்ட்டிகிட்ட நான் சொல்லல.