கிளிநொச்சி தாண்டிட்டார்

ரொறன்ரோவிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் பதினாலாயிரம் கிலோமீட்டர் என்று போன் காட்டியது. இடையில் டோஹாவில் இறங்கி மாறினால் இருபத்திரண்டு மணித்தியாலம். அங்கிருந்து எங்கள் நீர்வேலிக்கு வாகனத்தில் இன்னும் ஏழு. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் இதைப் பார்த்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. "அம்மாவை வீட்டை கொண்டுபோங்கோ. இன்னும் நாலு நாள் தாங்குவா. வெளிநாட்டிலை ஆரும் இருந்தால் உடனை அறிவியுங்கோ" என்று டொக்டர் சொல்லியிருந்தார். ரொறன்ரோவில் இருக்கும் நாதன் அண்ணை உடனே புறப்பட்டால் வியாழன் வந்துவிடுவார். இரண்டு நாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பார்.

அம்மா பதினொரு வருடம் பாரிசவாதத்தில் கிடந்தார். குளிப்பாட்டியதும் கஞ்சி ஊட்டியதும் நான்தான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கி இருத்தும்போது என் காதுக்குள் சொல்வார்: "நாதன் எண்டால் நோகாமல் தூக்குவான்." அண்ணை கடைசியாக வந்தபோது அம்மா நடந்து திரிந்தார். அவரை அண்ணை ஒருநாளும் தூக்கியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்.

"நாதனுக்குச் சொன்னியே?"

"ஓமம்மா. அண்ணை பிளேன் ஏறிட்டார்."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. மலர வைத்தது நான்.

அம்மாவுக்குப் பகலும் இரவும் பிடிபடவில்லை. அதனால் அந்தப் பயணத்தை நாலு நாளுக்கு இழுக்க முடிந்தது.

"இப்ப எங்கை நிக்குது, பிள்ளை?"

"கடலுக்கு மேலை."

"இப்ப?"

"டோஹாவிலை. அடுத்த பிளேனுக்குக் காத்துக்கொண்டு நிக்கிறார்."

புதன்கிழமை அண்ணை வீடியோ கோல் எடுத்தார். அம்மா நித்திரை என்றேன். வியாழனும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை அம்மா மஞ்சள் சேலையை உடுத்திவிடச் சொன்னார். உடுத்தி, தலையும் வாரிவிட்டேன்.

"இறங்கிட்டானோ?"

"ஓம். வாகனத்திலை வாறார். கிளிநொச்சி தாண்டிட்டார்."

சனிக்கிழமை காலை, வாசலைப் பார்த்தபடியே அம்மாவின் மூச்சு நின்றது. கண்களை மூடிவிட்டேன். அதன் பிறகுதான் அண்ணைக்கு முதன்முதலாகச் சொன்னேன். அந்த நாலு நாளும் போன் என் கையில்தான் இருந்தது. அண்ணை வந்திருந்தால் அந்தக் கடைசி நாட்கள் அவருடையவை ஆகியிருக்கும். பதினொரு வருடத்துக்கு இரண்டு நாளாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அது பெரிய ஆசையா என்று நீங்களே சொல்லுங்கள்.

அண்ணை திங்கட்கிழமை வந்தார். கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பியவர், ஈரத் தலையோடு என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அம்மா என்னைத் தேடினவவோ?"

"இல்லை அண்ணை. கடைசிமட்டும் என்ரை பேரைத்தான் சொன்னவ."

அண்ணை என் மடியில் முகம் வைத்துச் சின்னப் பிள்ளை போல அழுதார். நான் முதுகைத் தடவிவிட்டேன். இவ்வளவிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.