பலகையின் நடுச்சட்டம்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் பின்கால் ஒன்று கட்டை. அட்டையை மடித்து அடியில் செருகினால் ஆடாது. தப்பாக நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஐம்பது வருடமாகக் கதவும் ஜன்னலும் செய்தவன். ஆடுகிற பொருளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

அலைப் பலகையைப் பற்றிக் கேட்டீர்கள். நான்தான் செய்தேன், என் மகளுக்காக. அலைமேல் சறுக்குவது அவளுக்கு விளையாட்டாக ஆரம்பித்துப் பித்தாகிவிட்டது. அரைக்கால் உடுப்போடு அவள் அலைமேல் நிற்கும் படம் செய்தித்தாளில் வந்தது. பெண் கேட்டு வந்த குடும்பம் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. என் மனைவியின் தம்பி சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்:

"மச்சான், பொண்ணு தண்ணி மேல நிமிர்ந்து நிக்கிறா. நீங்கதான் தெருவுல குனிஞ்சு நடக்கிறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள்.

அந்த வாரமே இன்னொன்று சொன்னாள். தூர தேசத்துக் கடற்கரைப் பள்ளி ஒன்று பயிற்சி கொடுக்க அவளை அழைத்திருக்கிறதாம். ஆறு மாதத்தில் போக வேண்டும். அதற்குமுன் அவளுக்கென்று ஒரு பலகை வேண்டும்.

"கடையில இருக்கிறதெல்லாம் யாருக்கோ செஞ்சதுப்பா. என் கால் நிக்கிற இடம் உங்களுக்குத்தான் தெரியும்."

சரி என்றேன். இந்தக் கல்லும் கரையுமா என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் உயரம், எடை, நிற்கும்போது இரண்டு பாதங்களுக்கும் உள்ள இடைவெளி எல்லாம் அளந்தேன். காகிதத்தில் பாதி உருவம் வரைந்து, மடித்து வெட்டினேன். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும். நுரைக்கட்டியை நீளவாக்கில் பிளந்து இழைத்தேன். குழல் விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் மேடு பள்ளம் நிழலாகக் காட்டிக்கொடுக்கும். பதினொரு நாள் தேய்த்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று கை.

இரண்டு பாதிகளுக்கும் நடுவே மெல்லிய மரச்சட்டம் ஒன்று உண்டு. பலகைக்கு அதுதான் முதுகெலும்பு. அதை ஒட்டுவதற்குமுன், அவள் பாதங்களுக்கு நடுவில் வரும் இடத்தில் உள்ளுக்குள் அறுத்தேன். மேலும் கீழும் நூலளவு விட்டேன். ஒட்டிய பிறகு இரண்டு முகத்திலும் கோடு முழுசாகத் தெரியும். மேலே கண்ணாடி இழைத் துணியைப் படகு ரிப்பேர்காரன் ஒட்டினான். அவனுக்கு எதுவும் தெரியாது.

சின்ன அலைக்குத் தாங்கும். பெரிய அலைக்குத் தாங்காது. அப்படித்தான் கணக்கிட்டேன். கையோ காலோ முறியும், பயணம் நிற்கும், பிள்ளை வீட்டோடு இருப்பாள். தகப்பன் இதைவிடப் பொறுமையாக வேறென்ன செய்ய முடியும்?

மூன்றாம் மாதம் கடல் பொங்கிய ஒரு காலையில் உடைந்தது, நான் குறித்த இடத்திலேயே. பின்பாதி சுழன்று வந்து அவள் முதுகில் அடித்ததாம். அதை நான் வரையவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்று டாக்டர் சொன்னார்.

ரிப்பேர்காரனை இரண்டு நாளாகப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவனுக்காக இரக்கப்பட்டு வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் அறிக்கையில் 'மட்டமான வேலைப்பாட்டால் உடைந்தது' என்று ஒரு வரி இருக்கிறது. செய்தித்தாளில் ஊரே அதைப் படித்தது. எங்கள் குடும்பம் செய்த கதவு ஒன்றுகூடத் தொங்கியதில்லை. அந்தப் பலகை உடையத்தான் செய்யப்பட்டது. சொன்ன இடத்தில், சொன்னபடி உடைந்தது. அந்த வரியை அடியுங்கள். என் பெயரை எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். தலைகுனிய மாட்டேன்.

இப்போது அவளைப் பற்றித் தெருவில் ஒருவரும் ஒரு சொல் தப்பாகப் பேசுவதில்லை. காலையில் நான்தான் தூக்கி ஜன்னலோரம் உட்கார வைக்கிறேன். போன வாரம் உடைந்த துண்டைக் கொண்டுவரச் சொன்னாள். மடியில் வைத்து, சட்டத்தின் முனையை விரலால் வெகுநேரம் தடவினாள்.

"அப்பா, இது முறிஞ்ச மாதிரி இல்ல. வாளால அறுத்த மாதிரி இருக்கு."

துண்டை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை; நான் தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். கடல்மேல் அவளுக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.