சுண்ணாம்பு மேகம்

ரஞ்சனி: ...அதில்லீங்ணா, போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு நல்லா அண்ணாந்து பாத்துச் சொல்லுங்க. மேகம் இருக்குதா, இல்லையா?

சேகர்: பாத்துட்டேன் அம்மிணி. ஒரு பொட்டு இல்ல. வானம் தொடைச்சு உட்டாப்பல கெடக்குது.

ரஞ்சனி: அண்ணி, நீங்களும் பாருங்க. எங்கண்ணனுக்குக் கண்ணாடி போட்டாலும் தூரம் தெரியாது.

சௌந்தர்யா: நானும் பாத்துட்டேன் ரஞ்சனி. வெயிலு கண்ணைப் பறிக்குது. சித்திரையில மேகத்துக்கு எங்க போறது?

ரஞ்சனி: இங்க எங்க ஆபீசுக் கம்ப்யூட்டர்ல மட்டும் உங்க பண்ணை மேல மேகம் நிக்குதுங்க. போன வாரம் நின்னுச்சு. போன வருசம் சித்திரை பூராவும் அங்கேயேதான் நின்னுச்சு.

சேகர்: உங்க கம்ப்யூட்டருக்கு வெயில் தாக்கிருச்சாட்டம் இருக்குது. மோரு ஊத்து.

ரஞ்சனி: கேலி பண்ணாதீங்ணா, நான் படபடன்னு நிக்கறேன். அந்த மேகத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். நீட்ட நீட்டமா மூணு கோடு. எந்த மேகமாவது அடிக்கோல் வெச்சுக் கோடு போட்டாப்பல நிக்குமா?

சௌந்தர்யா: மூணு கோடா... ஏனுங்க, அது நம்ம கோழி செட்டு.

ரஞ்சனி: அதேதான் அண்ணி! கோழிக்குச் சூடு தாங்காதுன்னு கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கறீங்கல்ல, மேல இருந்து சேட்டிலைட்டு படம் எடுக்கறப்ப அது பளீர்னு வெள்ளையாத் தெரியுது. எங்க புரோகிராம் அதை மேகம்னு முடிவு கட்டிருது. மேகம் மறைச்சா தரையோட சூட்டை அளக்க முடியாது பாருங்க, அதனால அன்னைக்குக் கணக்கையே தூக்கிப் போட்டுருது. நாமக்கல்லைச் சுத்தி எத்தனை செட்டு, எத்தனை சுண்ணாம்பு. நம்மூரு வெயிலே பதிவுல இல்லீங்ணா.

சேகர்: அப்ப போன சித்திரையில நான் கருகுனது?

ரஞ்சனி: நடக்கவே இல்ல.

சேகர்: அட சாமி. முதுகு பூரா வேர்க்குரு. நடக்கலையாமா.

சௌந்தர்யா: நேத்துப் பொழுதோட போனைப் போட்டு, லாரித் தார்ப்பாய் எத்தனை கெடைக்குமோ அத்தனையும் கொண்டாந்து வையுங்கன்னியே. அது ஏதுக்கு? லாரிக்காரன் சடையனோட பட்டறையே காலி. ஆளுங்களோட வந்து வாசல்ல நிக்கறான்.

ரஞ்சனி: சொல்றேன் அண்ணி. வருசக்கணக்கா வந்த சேட்டிலைட்டுப் பதிவையெல்லாம் சுத்தம் பண்ணி, வரிசை கட்டி வெக்கறதுதான என் சோலி. அதை இன்னைக்குப் பொழுதோட பூட்டறாங்க. பூட்டிட்டா அதுதான் கணக்கு. எந்தூருக்கு வெயில் எச்சரிக்கை குடுக்கோணும், எந்தூருக்கு வேண்டாம்னு அதைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க. அதுல நம்மூரு ஊட்டியாட்டம் இருக்குது.

சேகர்: உம்பட பெரியாபீசர்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?

ரஞ்சனி: நேத்தே ஆனந்தகுமார் சார்கிட்டச் சொன்னேன். பெங்களூர்ல இருந்துட்டு, "உங்க ஊர்ல கோழி மேகத்துல முட்டை போடுதாம்மா"ன்னு சிரிக்கறாரு. சேலம் ஆபீசே சேந்து சிரிச்சுச்சு. ஒரு சாட்சி கொண்டா, பூட்டறதை நிறுத்தறேன்னாரு. அவருக்குச் சாட்சி வேணும், எனக்கு நீங்க வேணும்.

சேகர்: நான் வந்து சொல்லட்டா?

ரஞ்சனி: நீங்க சொல்ல வேண்டாம், கூரை சொல்லோணும். பத்தரை வாக்குல சேட்டிலைட்டு நம்ம தலைக்கு மேல போகுது. அந்நேரத்துக்கு உங்க மூணு செட்டும் தார்ப்பாயில கறுப்பா இருக்கோணும். நெஜமான மேகம்னா கறுப்புப் போத்துனாலும் போகாது. சுண்ணாம்புன்னா போயிரும். பக்கத்துச் செட்டெல்லாம் மேகமா நிக்க, உங்களுது மட்டும் தரையாத் தெரிஞ்சா போதும்.

சேகர்: அவ்வளவுதான? ஏ சடையா, அவுத்து உடுடா.

ரஞ்சனி: இருங்ணா, இருங்க. கோழி?

சேகர்: ...ஏது?

ரஞ்சனி: கோழிங்ணா. இந்த வெயில்ல கறுப்பைப் போத்துனா உள்ள இருக்கறதெல்லாம் வெந்து போயிருமே.

சேகர்: அதை நான் பாத்துக்கறேன்.

ரஞ்சனி: எப்படிப் பாத்துப்பீங்க?

சேகர்: ஃபேனு இருக்குது. தண்ணி தெளிப்பான் இருக்குது. சித்த நேரந்தான.

ரஞ்சனி: கோழிச் சத்தமே கேக்கலீங்களே. எப்பப் பேசுனாலும் அந்தக் கூச்சல்ல நீங்க சொல்றது பாதி விளங்காது.

சேகர்: வெயிலுக்கு மயங்கிக் கெடக்குதுங்க.

சௌந்தர்யா: ஏனுங்க... அவகிட்டச்...

சேகர்: நீ கயித்தைப் புடி. அக்கட்டால சுத்திப் போ. டேய், கூரை சிமெண்டுச் சீட்டு மேல கால் வெக்காதீங்க, ஒடைஞ்சு உள்ள விழுவீங்க. கயித்தைத் தூக்கி அந்தப் பக்கம் எறி... எறிஞ்சாச்சா... இழு, இழு. இக்கட்டால கொஞ்சம்.

ரஞ்சனி: ஓரம் வெள்ளையாத் தெரியக்கூடாதுங்ணா.

சேகர்: தெரியாது. பொண்ணுக்கு முக்காடு போட்டாப்பல போட்டிருக்குது. ரெண்டாவது செட்டும் முடிஞ்சுது.

சௌந்தர்யா: மூணாவதுல காத்து அடிச்சுத் தூக்குது ரஞ்சனி.

ரஞ்சனி: கல்லு கட்டுங்க அண்ணி, மணல் மூட்டை இருந்தாத் தொங்க உடுங்க. வந்துட்டே இருக்குது, இன்னும் சித்த நேரந்தான்...

சேகர்: கட்டியாச்சு. ஏன் அம்மிணி, அது போறப்ப நான் அதுல தெரிவனா?

ரஞ்சனி: நீங்களா? மூணு செட்டே அதுக்கு மூணு கீத்து. நீங்க தூசி.

சௌந்தர்யா: அப்பாடா. கிழிஞ்ச பனியனோட நிக்கறாரு, பயந்துட்டேன்.

ரஞ்சனி: இப்பத்தாங்ணா. தலைக்கு மேல. இப்பப் போகுது.

சேகர்: ஒண்ணுங் காணமே.

ரஞ்சனி: காணாது. போகுது... போயிருச்சு. படம் எங்க கைக்கு வர மத்தியானமாகும். தார்ப்பாயை எடுத்துருங்க, மொதல்ல கோழியைப் பாருங்க. நான் கூப்படறேன்.

*

ரஞ்சனி: அண்ணா! எடுத்தீங்களா... வந்துருச்சுங்ணா, படம் வந்துருச்சு.

சேகர்: மெதுவாச் சொல்லு புள்ள, காது அடைக்குது.

ரஞ்சனி: அக்கம்பக்கத்துப் பண்ணை எல்லாம் மேகம். உங்களுது மட்டும் சுத்தமாத் தரை. சூடு எவ்வளவுன்னு அளந்து போட்டிருக்குது. இந்தப் பதிவு ஆரம்பிச்சதுல இருந்து உங்க பண்ணைக்குச் சித்திரையில வந்த மொத வெயிலு இதுதான்.

சௌந்தர்யா: அந்த ஆபீசரு என்ன சொன்னாரு?

ரஞ்சனி: ரெண்டு தடவை பெருசு பண்ணிக் காட்டச் சொன்னாருங்க அண்ணி. அப்புறம் பூட்டறதை நிறுத்துங்கன்னாரு. மேகத்தைக் கண்டுபிடிக்கற விதியை என்னையே மாத்தச் சொல்லிட்டாரு. எல்லா வருசத்துப் பதிவையும் மறுபடி ஓட்டப் போறோம். தூக்கிப் போட்ட சித்திரை எல்லாம் ஒவ்வொண்ணாத் திரும்பி வரும்.

சேகர்: வரட்டும் வரட்டும். எம்பட வேர்க்குருவும் கணக்குல வரட்டும்.

ரஞ்சனி: அதுவும் வரும். ஆபீசுல எல்லாரும் வந்து கை குடுக்கறாங்க. நேத்துச் சிரிச்சவங்கதான். எனக்கு நெலத்துல கால் நிக்கலீங்ணா.

சௌந்தர்யா: இனிப்பு வாங்கிட்டு ஊட்டுக்கு வா. அம்மாவையும் கூட்டிட்டு வா.

ரஞ்சனி: வாரேன் அண்ணி, ஞாயித்துக்கெழமை வாரேன். அண்ணா, கோழி எத்தனை சாஞ்சுச்சு?

சேகர்: ஒண்ணும் சாயல.

ரஞ்சனி: மறைக்காதீங்க. எனக்காகப் பண்ணுனது, நான் தெரிஞ்சுக்கோணும்.

சேகர்: ஒண்ணும் இல்லைன்னா உடேன்.

ரஞ்சனி: மூணு செட்டு, அவ்வளவு வெயிலு, கறுப்புத் தார்ப்பாயி. ஒண்ணுகூடவா?

சௌந்தர்யா: சொல்லிருங்க.

சேகர்: நீ சும்மா இரு.

சௌந்தர்யா: இன்னைக்காவது சொல்லிருங்க.

சேகர்: ...இருந்தாத்தான சாகறக்கு.

ரஞ்சனி: எப்ப இருந்துங்ணா?

சேகர்: மாசியிலயே கடைசி லோடு கோழியையும் வித்து ஏத்தி உட்டுட்டேன் கண்ணு. தீவனம் விக்கற வெலைக்கு ஈடு குடுக்க முடியல. சடையனோட லாரிக்குத்தான் ஓட்டறக்குப் போயிட்டிருக்கறேன். அம்மா மோகனூர் பஸ்ஸுல போறப்ப ஜன்னல்ல எட்டிப் பாக்கும். கூரை வெள்ளையா இருந்தா உள்ள கோழி இருக்குதுன்னு நெனைச்சுக்குமேன்னு வெறுஞ்செட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சு வெச்சேன். நீ வேற, எங்கண்ணன் பண்ணை, எங்கண்ணன் பண்ணைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியற. உங்கிட்ட எந்த வாயில சொல்றது...

ரஞ்சனி: நேத்துக் காலையிலயே அண்ணி எங்கிட்ட எல்லாஞ் சொல்லி அழுதுட்டாங்ணா. நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் கோழி கோழின்னு கேட்டுட்டே இருந்தேன். அந்த ரோட்டோரம் எத்தனையோ பண்ணை இருக்குது. உங்க செட்டுல ஒரே ஒரு கோழி இருந்திருந்தாலும், தார்ப்பாய்ங்கற பேச்சையே நான் எடுத்திருக்க மாட்டனுங்க.