அரை ராத்தல் கரிமணல்

“ஹலோ... ஹலோ... திருவனந்தபுரமா?... பாஸ்போர்ட் ஆபீசர் சாரா?... சாரே, நான் மணவாளக்குறிச்சி செல்வதாஸ். பிரான்சுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகப்போற ஆளு... ஆமா, ஆமா, அந்த மணல் கேசுதான்.”

‘கேசு’ என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டோமே என்றிருந்தது செல்வதாசுக்கு. இந்த டிரங்கு காலுக்காக நாகர்கோவில் தபாலாபீசில் காலையிலிருந்து தவம் கிடந்தவன்.

“கடத்தல் ஒண்ணும் இல்ல, கேளுங்க... பாரீசுல ஒரு லேபாரட்டரி. டாக்டர் பட்டத்துக்கு மூணு வருஷம் எடம் தந்திருக்காங்க... ஆமா... எங்க ஊரு கரிமணல்ல உள்ள மோனசைட்டுலேருந்து அணுசக்திக்கான தோரியம் பிரிக்கதுதான் ஆராய்ச்சி. மாதிரிக்கு அரை ராத்தல் தபால்ல அனுப்பினேன்... பம்பாய் சுங்கத்துல புடிச்சது தெரியும் சாரே! அதுனாலதானே என் பாஸ்போர்ட்டு உங்க மேசையில உறங்குது!”

போஸ்ட்மாஸ்டர் தாணுலிங்கம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“சத்தம் போடல்ல... லைன் சரியில்ல... சட்டம் இருக்கு, ஆமா, ஆமா. சர்க்கார் அனுமதியில்லாம வெளிய விடப்பிடாது... எனக்குத் தெரியாது சாரே. பிள்ளைக வீடு கட்டி வெளயாடுக மண்ணுக்கு டெல்லியில அனுமதி வாங்கணும்னு ஆரு நெனப்பா?... ஒளிச்சு அனுப்புகவன் பார்சலுக்க மேல ‘மோனசைட் மணல்’னு எழுதி ஒட்டுவானா?... விளக்கமா? மூணு மட்டம் எழுதியாச்சே!... மொதக் கடுதாசியக் காணல்லியா?... ரெண்டாவதுல கையொப்பு இல்லியா?... சரி, மூணாவது?... மேலிடத்துக்கு இனிதான் அனுப்பணுமா... பத்து நாளாவுமா! சாரே, வியாழக்கிழமை பம்பாயில கப்பல். ஒண்ணாம் தேதி அங்க போய் நிக்கல்லேன்னா எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. எம்.எஸ்ஸி. முடிச்சு ரெண்டு வருஷமா எழுதி எழுதிக் கிட்டின எடம்...”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணுமே. பாரீசிலிருந்து சரி என்று வந்த பதில், சட்டைப்பையில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

“எக்ஸ்சேஞ்சா?... இன்னும் மூணு நிமிஷம் நீட்டுங்கம்மா... ஹலோ, சாரே?... ஒரே ஒரு கேள்வியா? அதுக்குப் பதில் சொன்னா இண்ணைக்கே மேல அனுப்புவீங்களா? கேளுங்க, கேளுங்க... என்னது?... அந்த மணல் இன்னும் எங்கிட்ட எவ்வளவு இருக்குன்னா கேக்கிய?”

அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தக் கேள்வியில் பொத்துக்கொண்டது.

“இருக்கு! முற்றம் முழுக்க இருக்கு. கெணத்தடியில இருக்கு. அப்பனுக்க வலையில இருக்கு, மீன்கூடையில இருக்கு. அம்மை பாயை ஒதறினா கால் ராத்தல் விழும். இன்னா, இப்பம் என் செருப்புல இருக்கு! போருமா?... என்னது, எழுதுகியளா?... சாரே, அத எழுதாதீங்க! கோவத்துல சொன்னது... கையிருப்புன்னா எழுதுகிய? அய்யோ, அந்த வரிய அடிச்சிருங்க சாரே, அந்த ஒரு வரிய... ஹலோ... ஹலோ!”

லைன் போய்விட்டது. செல்வதாஸ் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றான். சொன்னதில் ஒரு சொல் பொய்யாக இருந்திருந்தால் நாளைக்கே மறுத்து எழுதிவிடலாம். அத்தனையும் நிஜம்.